கம்பெனி காம்பவுண்டுக்குப் பின்னாடி ஒரு ராகிக் கொல்லை!

ஓசூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் ஃப்ரெண்ட்ஸ்?

மெக்கானிக்கல் படிக்கிறவங்களுக்கு இன்பிளான்ட் ட்ரெய்னிங். ஃபைனல் இயர் மக்களுக்கு கேம்பஸ் இன்டர்வியூ. பெங்களூருல வேலை பார்க்கிற அண்ணன் யாராவது இருந்தா, 'அத்திப்பள்ளி தாண்டிட்டேன்மா, சாதம் வடிச்சு வை' என்று போன்ல சொல்லிட்டு, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமே டிராஃபிக்ல நிற்கிற அவரோட பொய்!

தப்பில்லை. 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்தே ஓசூருக்கு அதுதான் அடையாளம். லாரி, பைக், கைக்கடிகாரம் என்று இங்கே உருவானவை இந்தியா முழுக்க ஓடிக்கிட்டிருக்கு. உங்க அப்பா கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் இந்த ஊர்ல பிறந்ததாகூட இருக்கலாம். இப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், செல்போன் பாகங்கள் என்று அடுத்த ரவுண்டும் ஆரம்பிச்சாச்சு.

ஆனா ஒரு விஷயத்தை ட்ரெய்னிங் போன யாருமே நமக்குச் சொன்னதில்லை. கம்பெனி காம்பவுண்டு சுவர் முடிகிற இடத்துல ராகிக் கொல்லை ஆரம்பிக்குது! ஷிப்ட் சைரன் சத்தமும் சேவல் கூவுற சத்தமும் ஒரே நேரத்துல கேட்கிற ஏரியா இது. இந்தக் கோடை லீவுல ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எங்களுக்குக் கொடுங்க. தோட்டம், தூண்டில், தட்டு... மூணையும் காட்டிடறோம்.

எந்த? எஷ்டு? எவ்ளோ?

காலையில முதல் ஸ்டாப், ஓசூர் உழவர் சந்தை. 1999-இல் மதுரையில் தொடங்கின திட்டத்தோட தொடர்ச்சி. லேட்டா எழுந்திருக்கிற ஹாஸ்டல் பார்ட்டிகளுக்கு இங்கே காம்புதான் மிஞ்சும். அதனால அலாரம் வெச்சு எழுந்திருங்க பாஸ்.

சூளகிரி பக்கத்துப் புதினா, கொத்தமல்லிக் கட்டுகள், ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கேரட்... ஊட்டிக்குப் போகாமலே ஊட்டி காய்கறி. காரணம் உயரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல உட்கார்ந்திருக்கு ஓசூர். பக்கத்துல இருக்கிற தளி இன்னும் கொஞ்சம் மேலே. வெள்ளைக்காரங்க தளிக்கு 'குட்டி இங்கிலாந்து'ன்னு செல்லப்பேர் வெச்சது சும்மா இல்லை.

காய்கறியைவிட சுவாரஸ்யம் இங்கே பேச்சு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே தராசுல ஏறும். தெலுங்குல 'எந்த?'ன்னா 'எவ்வளவு?'ன்னு அர்த்தம். இது தெரியாத புதுசா ஒருத்தரைக் கடையில உட்கார வெச்சா என்ன ஆகும்?

''தக்காளி எந்த?''

''இந்தத் தக்காளிதான்மா!''

''அதி சரே... எந்த?''

''அட, இதேதான்மா!''

நல்லவேளையா பக்கத்துக் கடை அக்கா குறுக்கே வந்து, ''வெலைய கேக்குறாங்கடா தம்பி'' என்று கேஸை முடிச்சு வைப்பாங்க. அந்த அக்கா அடுத்த கஸ்டமரோட 'எஷ்டு?'க்கு கன்னடத்துல விலை சொல்லி, அதுக்கும் அடுத்தவரோட 'கித்னா?'வுக்கு விரலை விரிச்சுக் காட்டுவாங்க. நாம அஞ்சு வருஷமா இங்கிலீஷ் லேப்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!

ஜன்னல் ஓரத்துல ஒரு சிப்காட்

சந்தையில வாங்கின புதினாக் கட்டைக் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்கங்க. சட்னிக்கு இலையைக் கிள்ளினதும் தண்டைத் தூக்கி எறியாதீங்க. கீழ் இலைகளை எல்லாம் எடுத்துட்டு, ஒரு டம்ளர் தண்ணியில நிறுத்தி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. ஒரு வாரம், பத்து நாள்ல வெள்ளை வெள்ளையா வேர் விடும். உடைஞ்ச பக்கெட்டுல மண்ணைப் போட்டு நட்டுட்டா, ஹாஸ்டல் ரூம்ல நீங்கதான் விவசாயி. வாரக் கணக்குல ரிசல்ட் வர்ற ஒரே பாடம் இதுதான். ரீ-வேல்யூவேஷன் வேண்டாம்!

கொத்தமல்லி மட்டும் கொஞ்சம் கோபக்காரி. முழு விதையா போட்டா பல நாள் மௌன விரதம் இருப்பா. செருப்புக் காலால லேசாத் தேய்ச்சு விதையை ரெண்டா உடைச்சுப் போடணும். வெயில் கூடினா இலை விடுறதை நிறுத்திட்டு சட்டுனு பூ எடுத்துடுவா. அதனால கோடையில அரை நிழல்தான் அவளுக்கு சரி. ஓசூர் குளுமையில ஜம்முனு வர்ற கொத்தமல்லி, உங்க ஊர் மொட்டை மாடியில ஏன் முறைக்குதுன்னு இப்போ புரியுதா?

இதே குளுமைதான் ரோஜாவையும் இங்கே இழுத்து வந்துச்சு. ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா கூடாரம் மாதிரி தெரியுதே, அதெல்லாம் பசுமைக்குடில்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு போற பூங்கொத்துல ஓசூர் ரோஜாவுக்கு நிரந்தர சீட் உண்டு. இதுல இருக்கிற டைமிங்கைக் கேட்டா அசந்துடுவீங்க. செடியை டிசம்பர் நடுவுல வெட்டி விட்டாத்தான், ஜனவரி கடைசியில மொட்டு சரியா வந்து நிற்கும். ஒரு வாரம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. பிப்ரவரி 15-ஆம் தேதி ரோஜாவுக்கு என்ன மரியாதைன்னு, பிப்ரவரி 15-ஆம் தேதி புரபோஸ் பண்ணின நண்பரைக் கேளுங்க.

சிரிச்சாச்சா? இப்போ ஒரு நிமிஷம் சீரியஸ். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தப்போ இந்தப் பூக்களுக்கு விமானமும் இல்லை, கல்யாணமும் இல்லை. பறிக்கலேன்னா செடி கெடும் என்பதால, காசு கொடுத்து ஆள் வெச்சுப் பறிச்சு, குப்பையில கொட்டினாங்க. ரோஜா விக்கிறவங்க கையில குத்துறது முள் மட்டும் இல்லை.

மெல்லாதே, முழுங்கு!

பசிக்குதா? பரோட்டா கடையைத் தாண்டி வாங்க. இந்த மண்ணோட சாப்பாடு களி. கன்னடக்காரங்க 'முத்தே'ம்பாங்க. ராகி அதிகமா விளையுற தமிழ்நாட்டு மாவட்டங்கள்ல கிருஷ்ணகிரி முன்வரிசை.

செய்முறை ரொம்ப சிம்பிள், கைதான் வலிக்கும். தண்ணியைக் கொதிக்க விட்டு, கொஞ்சம் நொய்யரிசி போட்டு வேகவிட்டு, ராகி மாவைக் கொட்டி, துடுப்பால கிண்டு கிண்டுன்னு கிண்டணும். கட்டி தட்டாம கிண்டி உருட்டுறவங்களுக்கு ஜிம் மெம்பர்ஷிப் தேவையே இல்லை. தொட்டுக்கக் கீரைக் கடைசல், கொள்ளுக் குழம்பு, இல்லேன்னா நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிடுற முறையில ஒரே ஒரு ரூல். கிள்ளி, உருட்டி, குழம்புல புரட்டி, அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும், பக்கத்துல இருக்கிற பாட்டி சிரிப்பாங்க.

''மெல்லாத கண்ணு, உள்ள தள்ளு. அது போவுற வழி அதுக்குத் தெரியும்!''

நூறு கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. அதே அளவு பால்ல இருக்கிறது இதுல பாதிகூட வராது. ஐ.நா. சபை 2023-ஆம் வருஷத்தை சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சுக் கொண்டாடினப்போ, இந்த ஊர்ப் பாட்டிகள் 'இப்பதான் தெரிஞ்சுதா?' என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாங்க.

ராகிக்கு இன்னொரு ரசிகர் கூட்டமும் இருக்கு. கர்நாடகாவோட பன்னர்கட்டா காட்டிலிருந்து, செக்போஸ்ட், பர்மிட் எதுவும் இல்லாம வர்ற யானைகள்! அக்டோபர் தொடங்கி ராகி முற்றுகிற சமயத்துல கூட்டம் கூட்டமா தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். விவசாயிங்க பரண் மேல ராத்திரி முழுக்கக் கண்முழிச்சுக் காவல் இருப்பாங்க. ஒரு ராத்திரி அசந்தா, நாலு மாச உழைப்பு காலி. பரீட்சைக்கு முதல் நாள் நைட் ஸ்டடி பண்ற நமக்கு, சீசன் முழுக்க நைட் ஸ்டடி பண்ற அவங்க எவ்வளவோ சீனியர்ஸ்.

பேர் பெங்களூருக்கு... வேர் கிருஷ்ணகிரிக்கு!

சாப்பிட்ட களி செரிக்கணும்னா, கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறுங்க. ஐம்பது கிலோமீட்டர்தான். (ரயிலைத் தேடாதீங்க, கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது.) சூளகிரி தாண்டினதும் ரோடு சரசரன்னு இறங்கும். இறங்க இறங்க ஜன்னல் காத்து சூடாகும். ஓசூர்ல தோள்ல போட்ட ஜெர்கின் கிருஷ்ணகிரியில கர்ச்சீஃபா மாறிடும். ரோஜா மேலேயும் மாமரம் கீழேயும் இருக்கிறதுக்கு இந்த இறக்கம்தான் காரணம். ஜியாகரபி வாத்தியார் ஒரு பீரியட் நடத்தினதை, கவர்மென்ட் பஸ் ஒரு மணி நேரத்துல புரிய வெச்சுடும்.

ஏப்ரல்ல செந்தூரா ஆரம்பிச்சு வைக்கும். அப்புறம் பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா என்று வரிசை கட்டி, கடைசியில நீலம் வந்து சீசனுக்கு டாட்டா காட்டும். ஆனா இந்த மாவட்டத்தோட ஹீரோ இவங்க யாரும் இல்லை. கிளிமூக்குதான்! வியாபாரிங்க பாஷையில 'பெங்களூரா'. பேர் பெங்களூருக்குப் போனாலும் வேர் கிருஷ்ணகிரியிலதான். உப்பு, மிளகாய்த்தூளோட காலேஜ் வாசல்ல நாம கடிக்கிற காயும் இதுதான். பழுத்ததும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய், டின்ல அடைபட்டுக் கப்பல் ஏறுறதும் இதுதான். கேண்டீன்ல உறிஞ்சுற மாம்பழ ஜூஸ்ல இந்தக் கிளியோட மூக்கு இருக்கலாம்.

போச்சம்பள்ளி பக்கத்துல சந்தூர் என்று ஒரு ஊர். வீதிக்கு வீதி நர்சரி. மாங்கொட்டையைப் புதைச்சு வளர்த்தா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். அம்மா மரத்தோட குணமும் அப்படியே வரும்னு கேரண்டி இல்லை. ஒட்டுக்கன்று நட்டா மூணு நாலு வருஷத்துல காய் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் இயர்ல ஒண்ணு நட்டுட்டுப் படிக்க ஆரம்பிச்சீங்கன்னா, டிகிரியும் மாங்காயும் ஒண்ணா கைக்கு வரும். அரியர் இருந்தா மாங்காய் மட்டும் டைமுக்கு வரும்!

மாங்காய்க்கும் மார்க்ஷீட் உண்டு. அதை எழுதுறது மார்க்கெட். 2025 கோடையில கிளிமூக்கு விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாம மரத்துலயே விட்டவங்க உண்டு. 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினப்போ நாட்டுல எத்தனை மீம்ஸ்! அதே தக்காளி விலை சரிஞ்சு ரோட்டுல கொட்டப்படும்போது மீம் போட ஆள் இல்லை.

ஜிலேபி இனிக்காது!

மதியம் கே.ஆர்.பி. டேம். விரிச்சுச் சொன்னா கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம். காமராஜர் முதல்வரா இருந்த 1950-களில் தென்பெண்ணையாத்துக்குக் குறுக்கே கட்டினது. முழுக் கொள்ளளவு 52 அடி. 2017 நவம்பர்ல இதோட மதகு ஒண்ணு உடைஞ்சு தண்ணி வீணாப் போனது பெரிய செய்தி. இப்போ நாம வந்திருக்கிறது வேற விஷயத்துக்கு. மூக்கை நீட்டுங்க. வாசனை வருதா? மீன் வறுவல்!

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நம்ம கோடை லீவும் அதே சமயம்தான். கடல் லீவு விடும்போது ஏரியும் டேமும் ஓவர்டைம் பார்க்கும். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி என்று குவியல் இருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்க. சிவப்பா இருந்தா புதுசு. கண்ணு உள்ளே போயிருந்தா, நேத்து மீன். முழு மீனைக் காட்டினா, செதில் தேய்ச்சு, கீறல் போட்டு, மசாலா தடவி, எண்ணெயில போட்டு எடுத்துக் கையில கொடுப்பாங்க.

''அண்ணே, முள்ளு இல்லாத மீன் இருக்கா?''

''முள்ளு வேணாம்னா முட்டை சாப்புடு தம்பி!''

இந்த ஜிலேபியோட பயோடேட்டா தெரியுமா? சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-இல் இந்தியாவுக்கு வந்துச்சு. தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளே வெச்சு அடைகாக்கும். குஞ்சு பொரிஞ்ச பிறகும், ஆபத்துன்னா டபக்குனு அம்மா வாய்க்குள்ள ஓடிப் போய் ஒளிஞ்சுக்கும். எந்தக் குளத்துல விட்டாலும் பெருகுற ரகசியம் இதுதான். நம்ம ஊர் மீன்களோட இடத்தையும் சாப்பாட்டையும் இது பங்கு கேட்கிறதா மீன்வளத் துறைப் படிப்பு படிக்கிறவங்க குறை சொல்வாங்க. வறுவல் கடையில அந்தக் குறை யார் காதிலும் விழாது.

தூண்டில் போட ஆசையா? ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், தக்கை, ஒரு கொட்டாங்குச்சி மண்புழு. மொத்தச் செலவு ஒரு டீ, பன் ரேட். பக்கத்து ஏரியில மீன் குத்தகை யார் எடுத்திருக்காங்கன்னு விசாரிச்சு, கேட்டுட்டு உட்காருங்க. தக்கை அசைஞ்சதும் இழுக்கக் கூடாது. உள்ளே முங்கினப்புறம்தான் சுண்டணும். அதுவரைக்கும் போனை எடுக்காம ரெண்டு மணி நேரம் இருந்தீங்கன்னா, மீன் கிடைக்காட்டியும் அதுவே உங்களுக்கு வாழ்நாள் சாதனை. ஒண்ணே ஒண்ணு: கரையோட நிறுத்திக்கங்க. டேம்லயும் கல்குவாரிக் குட்டையிலும் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் 'நண்பர்களுடன் குளிக்கச் சென்ற மாணவர்' என்று பேப்பர்ல வர்ற செய்தியில உங்க பேர் வேண்டாம்.

அவங்க வந்தாங்க... நுரையும் வந்துச்சு

கவனிச்சீங்களா? இன்னிக்கு நாம பார்த்த பல பேர் வெளியூர்க்காரங்க! ஜிலேபி ஆப்பிரிக்கா. ராகியே ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுதான். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டம். சந்தையில 'கித்னா' கேட்டவர் பீகாரோ ஒடிசாவோ. ஹாஸ்டல் பெண்கள் பாதிப் பேர் தென் மாவட்டம். யார் வந்தாலும் இடம் கொடுத்து, நாலு வருஷத்துல சொந்தக்காரங்களா ஆக்கிடுற மண் இது.

ஆனா ஒரு விருந்தாளி மட்டும் இந்த மண்ணுக்கு சரிப்பட மாட்டேங்குது.

தென்பெண்ணை பிறக்கிறது கர்நாடகாவோட நந்தி மலைப் பக்கம். பெங்களூரு ஓரமா ஓடி, தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல ஓசூர் பக்கத்துல கெலவரப்பள்ளி அணை. அடுத்து, நாம மீன் சாப்பிட்ட கே.ஆர்.பி. டேம். அப்புறம் சாத்தனூர், கடைசியில கடலூர்ல கடல். பெங்களூருவோட பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளோட கழிவுத் தண்ணியும் இந்த ஆத்துலதான் வந்து சேருது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடிச்சு எரிஞ்சதே, அதே ஏரிதான். மழை பெய்ஞ்சு கெலவரப்பள்ளியில தண்ணி திறந்தா, பனிமலை மாதிரி நுரை பொங்கும். தரைப்பாலத்தை நுரை மூடி, போக்குவரத்து நின்னதும் உண்டு. போட்டோவுல பார்க்க காஷ்மீர் மாதிரி இருக்கும். பக்கத்துல போனா மூக்கைப் பொத்திக்கணும். அந்தத் தண்ணிதான் பக்கத்துக் கொல்லைகளுக்குப் பாயுது.

கணக்கைப் பாருங்க. மேலே நாம காய்கறியும் பூவும் அனுப்புறோம். மேலே இருந்து நுரை வருது. 'அவங்க' என்று கை நீட்டவும் முடியாது. பெங்களூரு ஃப்ளாட்டுல சோப்புத்தண்ணியைக் கொட்டுறதுல நம்ம சீனியர்களும் இருக்காங்க. இந்தப் பக்கத்துக் கழிவுத்தண்ணியும் எங்கேயோதானே போகுது? அதனால இன்ஜினீயரிங் படிக்கிறவங்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அலையாதீங்க. ஹாஸ்டல் தண்ணியைச் சுத்தம் பண்ணித் தோட்டத்துக்கு விடுற ஒரு டிசைன் போடுங்க. கெமிஸ்ட்ரி மக்களே, உங்க ஊர் ஏரித் தண்ணியில ஒரு பாட்டில் எடுத்து லேபுக்குள்ள கொண்டு போங்க. சிவில் மக்களே, ராகிக் கொல்லையில வெள்ளைக்கல் நட்டு மனை பிரிக்கும்போது, அந்த இடத்துல மழைத்தண்ணி எந்த வழியாப் போச்சுன்னு ஒரு தடவை கேளுங்க. நாளைக்கு இதே சிப்காட்டுல கழிவுநீர்ப் பிளான்ட்டுக்குப் பொறுப்பா உட்காரப் போறது உங்கள்ல ஒருத்தர்தான். அன்னிக்கு வால்வைத் திறக்கும்போது இந்த மீன் வறுவல் வாசனை ஞாபகத்துக்கு வந்தா போதும்.

சரி, அட்வைஸ் முடிஞ்சது. வறுவல் ஆறுது, முதல்ல சாப்பிடுங்க. கிளம்பும்போது சந்தூர் ஒட்டுக்கன்று ஒண்ணு வாங்கிக்கங்க. பஸ்ல கன்றுக்கு டிக்கெட் கேட்டா சண்டை போடாதீங்க. நாலு வருஷம் கழிச்சு முதல் காய் பறிக்கும்போது, உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்துக்கிட்டு நாங்களே வந்துடறோம்!